சைலன்சரை மாத்தறதுக்கு முன்னாடி கிராங்க்கைப் பாருங்க

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வீட்ல தங்கமணி கொடுக்கற ஆணி அதைவிட ஜாஸ்தி. இப்ப பொட்டி முன்னாடி உட்கார்ந்ததுக்குக் காரணம், போன மாசம் கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒரு போன்.

"தம்பி, இவன் அவங்கப்பா வண்டியை அங்க பெங்களூருக்கு எடுத்துட்டுப் போய் என்னமோ பண்றானாமா. ஸ்பீடு ஏத்தறேங்கறான். நீ கொஞ்சம் என்னன்னு பாரு சாமி."

அக்காதான். மச்சான் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. அவர் 1994-ல ஆசை ஆசையா வாங்கின யமஹா ஆர்எக்ஸ் 100, ஆறு வருஷமா போர்டிகோவில சாக்கு போர்த்தித் தூங்கிட்டு இருந்தது. பையன் இங்க கெங்கேரி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறான். ரயில் பார்சல்ல வண்டியைக் கொண்டுவந்துட்டான். கொண்டுவந்த கையோட ஒரு லிஸ்டும் வெச்சிருந்தான்: புது சைலன்சர், பெரிய கார்புரேட்டர், ஹெட்டை இழைக்கறது, போர்ட்டை அகலப்படுத்தறது. "மாமா, 7500 ஆர்பிஎம்ல நிக்கிற வண்டியை பத்தாயிரத்துக்கு மேல கொண்டுபோயிரலாம்"னான். கண்ணு அப்படி மின்னுது.

நான் வேண்டாம்னு சொல்லலை. அதுக்காக அக்காகிட்ட ஒரு டோஸ் வாங்கினேன். ஏன் சொல்லலைன்னு எழுதத்தான் இந்தப் பதிவு. ஊர்ல இருந்து பிள்ளைகளை இங்க படிக்க அனுப்பியிருக்கிற அப்பா அம்மாக்களுக்கும், நம்மளை மாதிரி வந்து செட்டில் ஆகி வயசுப் பிள்ளைகளை வெச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான். வேண்டாம்னு சொன்னா விட்டுருவாங்கன்னு நினைக்கறீங்களா? நமக்குத் தெரியாம செய்வாங்க, அவ்வளவுதான். தெரியாம செய்யற வேலை எப்பவுமே வெளியில பளபளன்னு இருக்கும், உள்ளே ஓட்டையா இருக்கும். எனக்குத் தெரியும். ஏன்னா நானும் செஞ்சிருக்கேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1999. முதல் வேலை, பெங்களூர். சில்க் போர்டுல இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலம் எல்லாம் கிடையாது, அது 2010-லதான் வந்தது. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். ரூம் மேட் ஒருத்தன் மதுரைப் பக்கம், வண்டின்னா உசிரு. ரெண்டு பேரும் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு ஒர்க்ஷாப்ல ஹெட்டை இழைச்சு, சைலன்சரை மாத்தினோம். உள்ளே எதையும் தொடலை. கார்புரேட்டர்ல ஜெட் கூட மாத்தலை. சத்தம் கேட்டா ஊரே திரும்பிப் பார்க்கும். ரெண்டு வாரம் ராஜா மாதிரி இருந்தோம்.

மூணாவது வாரம் ஹோசூர் ரோட்டுல, நல்லா முறுக்கிட்டுப் போகும்போது எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு. சீஸ்னா தெரியாதவங்களுக்கு: பிஸ்டன் சூட்டில வீங்கி சிலிண்டர்ல கவ்விக்கும். எஞ்சின் நின்னா பின் சக்கரமும் அதோட நின்னுடும். கிளட்ச்சைப் பிடிக்கணும். எனக்குப் பிடிக்கத் தோணறதுக்குள்ளே ரோட்டுல கிடந்தோம். எனக்கு முட்டி கிழிஞ்சது. பின்னாடி உட்கார்ந்திருந்த அவனுக்கு காலில் பிளேட் வெச்சாங்க. இன்னிக்கும் மாடிப்படி இறங்கும்போது ஒரு பக்கமாத்தான் இறங்குவான். ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அது இன்னும் கஷ்டம்.

வீட்டுக்குச் சொன்ன கதை: "பஸ்ல இருந்து இறங்கும்போது விழுந்துட்டேன்."

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்கப்பா கோவை கணபதியில லேத் போட்டிருந்தார். அவர் அடிக்கடி சொல்ற கணக்கு ஒண்ணு. வேகம் ரெண்டு பங்கு ஆனா, உள்ளே இழுக்கிற இழுப்பு ரெண்டு பங்கு இல்லை, நாலு பங்கு. ஒரு கல்லைக் கயிற்றில கட்டிச் சுத்திப் பாருங்க, கை சொல்லும். 7500-ல ஓடற எஞ்சினை 10,500-க்கு ஏத்தினா ஆர்பிஎம் 40 சதவீதம்தான் கூடுது. ஆனா கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகுது. 1.4-ஐ 1.4-ஆல பெருக்கிப் பாருங்க, 1.96 வரும்.

ஆர்எக்ஸ் 100-ல போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. 7500 ஆர்பிஎம்னா நொடிக்கு 125 சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் பிஸ்டன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நின்னு திரும்பணும். அப்படின்னா நொடிக்கு 250 தடவை நின்னு, 250 தடவை ஓடணும். அந்தத் திருப்பத்துல ராடு படற பாடு புவியீர்ப்பு விசை மாதிரி சுமார் 2000 மடங்கு. பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்து 100 கிராம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கங்க. ராடைப் பொறுத்தவரை அது 200 கிலோ. 10,500-ல அது 400 கிலோ பக்கம் போகும். இதைத் தாங்கறது யாரு? விரல் தண்டி ராடு, அதுக்குக் கீழே ஒரு பின், அந்தப் பின்னைச் சுத்தி ஊசி மாதிரி உருளைகள் வெச்ச பேரிங். டூ ஸ்ட்ரோக்ல அதுக்குக் கிடைக்கிற எண்ணெய், பெட்ரோல் புகையோட வர்ற சாரல் மட்டும்தான்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. பழைய புல்லட் 350-க்கு போர் 70, ஸ்ட்ரோக் 90. அது 18 குதிரை சக்தியை 5625 ஆர்பிஎம்ல கொடுக்கும். அப்ப அதோட பிஸ்டன் சராசரி வேகம் நொடிக்கு 16.9 மீட்டர். கத்திக்கிட்டு ஓடற ஆர்எக்ஸ்ல 7500-ல 12.5 மீட்டர்தான். டக்கு டக்குன்னு யானை மாதிரி போற புல்லட்டோட பிஸ்டன்தான் வேகமா ஓடுது! அதனால "சத்தம் பெருசு, ஆர்பிஎம் பெருசு, அதனால ரேஸ் வண்டி"ன்னு நினைக்காதீங்க. கணக்கு உள்ளே இருக்கு.

1966-ல மைக் ஹெயில்வுட் ஓட்டின ஹோண்டா ஆர்சி166, 250 சிசி, ஆறு சிலிண்டர். 18,000 ஆர்பிஎம் சுத்தும். அதை அவங்க எப்படிச் செஞ்சாங்க? சைலன்சரை மாத்தியா? ஒவ்வொரு சிலிண்டரையும் சின்னதாக்கி, ஸ்ட்ரோக்கை 31 மி.மீ.க்குக் குறைச்சாங்க. அப்பவும் பிஸ்டன் வேகம் நொடிக்கு 18.6 மீட்டருக்குள்ளேயே நின்னது. அதிக ஆர்பிஎம் வேணும்னா உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் அதுக்காகவே பிறந்திருக்கணும்.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம பக்கத்து ஊர் ஹோசூர். டிவிஎஸ் அங்க செய்யற அப்பாச்சி ஆர்ஆர் 310, 2017-ல வந்தப்போ 9700 ஆர்பிஎம்ல 34 குதிரை சக்தி கொடுத்தது. ஸ்ட்ரோக் 62.1 மி.மீ. கணக்குப் போட்டா நொடிக்கு 20 மீட்டர். ஷோரூம்ல வாங்கற வண்டி, வாரண்டியோட! ஏன் முடியுதுன்னா ராடு, பேரிங், ஆயில் பம்ப், வால்வு ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாம் அந்த 9700-ஐ மனசுல வெச்சே வரைஞ்சது.

"அப்ப அந்த வண்டியையே வாங்கிக்கோயேன்டா"ன்னு மருமகன்கிட்ட கேட்டேன். "மாமா, அது அப்பா வண்டி இல்லீங்களே"ன்னான். இதுக்கு என்ன பதில் சொல்றது சொல்லுங்க.

அதனால பேரம் பேசினேன். உன் லிஸ்ட்டைத் தலைகீழாத் திருப்பு, முதல்ல கீழ் எஞ்சின், கடைசியில சைலன்சர்னேன். ஜே.சி. ரோடு, கலாசிபாளையம்னு ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சோம். அந்தப் பக்கம் கடைகள்ல பாதிப்பேர் தமிழ் பேசுவாங்க, மீதிப் பேர்கிட்ட என் அரைகுறைக் கன்னடம் போதும். எஞ்சின் விஷயத்துல மட்டும் இந்த ஊரோட தாரக மந்திரம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" செல்லாது. அட்ஜஸ்ட் பண்ணினா அது நடுரோட்டுல பழி வாங்கும்.

நான் போட்ட வரிசை இதுதான்:

1. கிராங்க். இந்த வண்டியில கிராங்க் ஒரே துண்டு இல்லை. ரெண்டு சக்கரத்தை ஒரு பின்னுல அழுத்திச் சேர்த்தது. ராடு கிட்டுன்னு கேட்டா ராடு, பின், பேரிங், வாஷர் எல்லாம் சேர்ந்து வரும். பழசைக் கழட்டி புதுசு போட்டா வேலை முடியலை. டயல் கேஜ் வெச்சு ஓட்டம் பார்க்கணும். 0.03 மி.மீ.க்கு மேல ஆட்டம் இருந்தா செம்புச் சுத்தியலால தட்டித் தட்டிச் சரி பண்ணணும். எங்கப்பா இதை அரை நாள் செய்வார். பத்து நிமிஷத்துல முடிச்சுத் தர்ற கடையில செய்யாதீங்க. ரேஸ் எஞ்சின்ல அந்தப் பின் முறுக்கிக்கொள்ளாம இருக்க வெல்டு வைக்கிறதும் உண்டு. பேரிங் கூட்டுக்கு வெள்ளி முலாம் பூசறதும் உண்டு. ரோட்டு வண்டிக்கு நல்ல கம்பெனி ராடு கிட்டும் நேரான கிராங்க்கும் போதும்.

2. மெயின் பேரிங், ஆயில் சீல். பேரிங் வாங்கும்போது சி3 ரகமான்னு பார்த்து வாங்கணும், சூட்டில விரிய உள்ளே இடம் விட்டிருப்பாங்க. சீல் ஓட்டையானா காத்து கூடுதலா உள்ளே போகும். பெட்ரோல் குறைஞ்ச கலவை அதிகமாச் சூடாகும். நிறைய சீஸ் கேஸ்கள்ல திருடன் இந்த ரப்பர் வளையம்தான், பழி மட்டும் பிஸ்டன் மேல.

3. பிஸ்டன், போர். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையில இருக்கிற சந்து தலைமுடியைவிட மெல்லிசு. ஃபோர்ஜ்டு பிஸ்டன் பலம்தான், ஆனா சாதாரண வார்ப்புப் பிஸ்டனைவிட சூட்டில அதிகமா விரியற ரகம் நிறைய உண்டு. அதுக்குச் சந்து கூடுதலா விடணும். காசு செலவு பண்ணி ஃபோர்ஜ்டு வாங்கி, பழைய அளவிலேயே போர் போட்டா... சொந்த செலவில் சூனியம். போர்ட்டை அகலப்படுத்தினா ரிங் அந்த ஜன்னல்ல மாட்டிக்கும், அதனால ஓரத்தை மழுக்கணும்.

4. ரீட் வால்வு. ஸ்டீல் இதழ் உடைஞ்சா எஞ்சினுக்குள்ளேயே போய் விழும். ஃபைபர் இதழ் அவ்வளவு சேதம் பண்ணாது.

5. எண்ணெய், ஜெட். பம்ப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு பெட்ரோல்லயே ஆயில் கலக்கறது ஒரு ஃபேஷன். கலக்க மறந்தா ஒரே நாள்ல எஞ்சின் காலி. பம்ப் இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: அது ஆக்ஸிலேட்டரோட கட்டினது. நந்தி ஹில்ஸ்ல இருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடி, சின்ன கியர்ல எஞ்சினைக் கத்தவிட்டு வந்தா, ஆர்பிஎம் மேலே, எண்ணெய் கீழே. நடுவுல நடுவுல கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கணும். பிளக்கைக் கழட்டிப் பார்க்கணும். காபிக் கலர்னா நல்லது, வெள்ளையா இருந்தா கலவை வறண்டு ஓடுதுன்னு அர்த்தம்.

6. இதெல்லாம் முடிஞ்சு காசு மிச்சம் இருந்தா சைலன்சர்.

லிஸ்ட்டைப் பார்த்துட்டு, "மாமா, அஞ்சாவது வரைக்கும் செஞ்சா வண்டி ஒரு கிலோமீட்டர் கூட ஸ்பீடு ஏறாதே"ன்னான். அதுதான்டா பாயிண்ட். ஸ்பீடு ஏறாது. ஏத்தினா உடையாது. இந்த ரெண்டும் வேற வேற சாமான். முதல்ல இதை வாங்கணும், அப்புறம் அதை.

இன்னொண்ணும் சொன்னேன். அதிக ஆர்பிஎம்முக்கு ஆயுள் கணக்கு உண்டு. எங்க ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் டீமுக்கு ஃபார்முலா ஒன் ஓட்டினார் இல்லையா, அந்த வருஷத்து விதிப்படி ஒரு எஞ்சின் ரெண்டு போட்டி வாரம் தாங்கணும். ரெண்டே ரெண்டு வாரம்! கோடிக்கணக்குல செலவு பண்றவங்களே அதுக்கு மேல கேட்கலை. ஆக, முறுக்க முறுக்க எஞ்சினோட ஆயுளைச் செலவு பண்றோம்னு தெரிஞ்சு, ஒரு நோட்டு போட்டு எழுதி, நேரம் வந்ததும் பிரிச்சுப் பார்க்கிறவன்தான் டியூனர். மத்தவன் சத்தம் போடறவன்.

நியூசிலாந்துல பர்ட் மன்றோன்னு ஒரு பெரியவர். 1920-ல வாங்கின இந்தியன் ஸ்கவுட் பைக்கை (கம்பெனி பேர்தான் இந்தியன், நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை :-)) வாழ்நாள் முழுக்க மேம்படுத்தினார். பிஸ்டனைத் தானே வார்ப்பார், கனெக்டிங் ராடைத் தானே ராவுவார். உடைஞ்ச சாமான்களை ஒரு அலமாரியில அடுக்கி, வேகக் கடவுளுக்குப் படையல்னு எழுதி வெச்சிருந்தார். 1967-ல அமெரிக்காவில பான்வில் உப்புத் தரையில மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி சாதனை படைச்சார். அவர் பேரைச் சொல்ற எல்லாரும் வேகத்தைத்தான் சொல்றாங்க. நான் அந்த அலமாரியைச் சொல்றேன். அவர் போனது உப்புத் தரைக்கு, ரிங் ரோட்டுக்கு இல்லைங்கறதையும் சொல்றேன்.

அங்கதான் என் ரெண்டாவது நிபந்தனை. முறுக்கணும்னா டிராக்குக்குப் போ. இருங்காட்டுக்கோட்டை இருக்கு, 1990-ல இருந்து. கோவை செட்டிபாளையத்துல காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. அந்தக் 'காரி', கோவையில ரேஸ் கார் கட்டின கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினவர். 1995-ல விமான விபத்துல போயிட்டார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் கம்மிச் செலவுல ரேஸ் ஓட்டணும், ஆனா ரேஸ் ஓட்டற இடத்துல ஓட்டணும்னு வழி காட்டினவர்கள்ல முக்கியமானவர். ஊருக்குப் போற சாக்குல அங்க போகலாமே. அக்கா கையால சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு.

ரோட்டுல செஞ்சா சட்டம் என்ன சொல்லுதுன்னும் பெத்தவங்க தெரிஞ்சுக்கணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதியில்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறையும் உண்டு. பொது ரோட்டுல ரேஸ் விட்டா முதல் தடவைக்கே மூணு மாசம் வரை சிறை அல்லது 5000 வரை அபராதம். 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினா, கம்பி எண்ணப்போறது நாமதான்: மூணு வருஷம் வரை, கூடவே 25,000 ரூபாய். கிராங்க்கைப் புதுப்பிக்கிறது, பேரிங் மாத்தறது எல்லாம் பராமரிப்பு, அதை யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஹெட்டை இழைச்சு சைலன்சர் மாத்தறது வேற கதை. அதனாலயும் என் லிஸ்ட்ல அது கடைசி. அதை மாட்டினா அந்த வண்டி டிராக்குக்கு மட்டும்தான்னு எழுதியே வாங்கிட்டேன்.

"நீ ரொம்ப இடம் கொடுக்கிற"ன்னு அக்கா இன்னும் சொல்றா. இருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பையன்கிட்ட "கூடாது"ங்கற வார்த்தைக்கு எவ்வளவு பலம்? அந்த வார்த்தை போன்லயே முடிஞ்சு போகும். கூட நின்னு எஞ்சினைப் பிரிச்சுக் காட்டினா, அவனே பார்ப்பான்.

பார்த்தான். போன சனிக்கிழமை எஞ்சினைப் பிரிச்சோம். மெக்கானிக் அண்ணன் ராடைக் கையில எடுத்து, கீழ்க் கண்ணைச் சுத்தி நீலமா ஒரு கறை இருந்ததைக் காட்டினார். சூடு பட்ட அடையாளம். மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார், டக் டக்னு சத்தம். "தம்பி, இதோட நீ சைலன்சர் மாட்டி ஓட்டியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சவர், என்னைப் பார்த்துட்டு நிறுத்திட்டார். பையன் ஒண்ணும் பேசலை. அந்தப் பழைய ராடை ஒரு நியூஸ் பேப்பர்ல சுத்தி பைக்குள்ளே வெச்சுக்கிட்டான். அப்பா ஓட்டின ராடாம்.

அன்னிக்கு ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணி 1999 கதையை முழுசாச் சொன்னேன். ஹோசூர் ரோடு, சீஸ் ஆனது, நண்பனோட கால், எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னா:

"பஸ்ல இருந்து விழுந்தவனுக்கு ரெண்டு உள்ளங்கையும் தேயுமாடா? எனக்கு அப்பவே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தோம்."

அவ்வ்வ்.

பி.கு.: புது ராடு, பேரிங், சீல், ரீபோர் எல்லாம் முடிஞ்சு வண்டி இப்ப ரன்னிங் இன்ல இருக்கு. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் முறுக்கக் கூடாதுன்னு உத்தரவு. வேற மாநில வண்டி ஒரு வருஷத்துக்கு மேல இங்க ஓடணும்னா கர்நாடகப் பதிவுக்கு மாத்தணும், அதையும் மறந்துடாதீங்க. சைலன்சர் இன்னும் பழசுதான். அதைப் பத்தி மருமகன் இந்த வாரம் பேச்சே எடுக்கலை. நானும் எடுக்கலை.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டறவன். உங்க வண்டிக்கான அளவுகளை அந்தக் கம்பெனி சர்வீஸ் மேனுவல்ல பார்த்துக்கோங்க.